பொருத்தம் வாங்காமல் போன வாப்பாவுக்கு

அன்புக்குரிய வாப்பாவுக்கு, மகள் பஸீலா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

'அன்புக்குரிய' என்று எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். வெட்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். பிறகு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன், ஏனென்றால் அன்பு இல்லாத இடத்தில் இவ்வளவு ஆத்திரம் வராது. ஆனால் மிச்சக் கடிதத்தில் அந்தச் சொல்லை நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் இறந்து நாற்பதாம் நாளுக்கான கத்தமும் ஓதி முடிந்துவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் உங்கள் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தாடையை உயர்த்தி நிற்கிற அந்தப் பழைய இராணுவப் படம். அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நாட்டுக்காக உழைத்தவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர், ஹந்தானைப் பாதையில் சார்ஜன்ட் நாநாவைப் போல இனி ஒரு மனிதர் பிறக்க வேண்டும் என்று. எழுதியவர்களில் ஒருவர்கூட உங்கள் வீட்டுக்குள் ஒரு வாரம் இருந்து பார்த்தவர் இல்லை. அதனால்தான் இதை எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். நீங்கள் வாசிப்பீர்களோ தெரியாது, அவர்களாவது வாசிக்கட்டும்.

நீங்கள் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். குடி இல்லை, சீட்டு இல்லை, ஒரு வக்து தொழுகை தவறியது இல்லை. வடக்கில் சண்டை நடந்த காலத்தில் லீவு கிடைத்தால் இரவு பகலாகப் பஸ்ஸில் வந்து, பையைக்கூட இறக்காமல் உம்மாவிடம் "புள்ளைகள் சாப்பிட்டாங்களா?" என்று கேட்பீர்கள். எனக்குப் பிரசவ நேரம், கண்டியில் அப்படி ஒரு மழை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியில், காயம்பட்ட காலோடு, பிள்ளை பிறந்த செய்தி வரும்வரை நின்றுகொண்டே இருந்தீர்களாம். உட்காரச் சொன்ன காவலாளியையும் ஏசினீர்களாம். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் என் தலைவிதி.

ஆனால் வீட்டுக்குள் நீங்கள் வாப்பாவாக இருந்ததைவிட சார்ஜன்டாக இருந்த நேரம்தானே அதிகம்? விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து எங்கள் மூன்று பேரையும் ஹோலில் வரிசையாக நிறுத்துவீர்கள். மூத்தவர் பெரிய நாநா, அடுத்து நான், கடைசியில் தம்பி றிஸ்வான். நகம், சப்பாத்து, தலைமயிர் எல்லாம் பார்ப்பீர்கள். றிஸ்வானுக்கு எப்போதும் சிரிப்பு வந்துவிடும். உங்களுக்குப் பின்னால் நின்று உம்மா அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவா, வாயை மூடுடா என்று. அவனும் முயற்சி செய்வான், ஏலாது, பக்கென்று வெடித்துவிடுவான். பிறகு முற்றத்தைச் சுற்றி ஓடவேண்டியது அவன்தான்.

அந்தச் சிரிப்புக்காரனைத்தான் நீங்கள் ஆமிக்கு அனுப்பினீர்கள். பெரிய நாநாவுக்குக் கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்தக் கோபத்தை இவன் தலையில் இறக்கினீர்கள். "நம்மட ஊட்டுல இருந்து ஒருத்தன் சரி போகோணும். நாளைக்கு யாரும் நம்மளப் பாத்து விரல் நீட்டப்படா" என்றீர்கள். அவனிடம் யார் கேட்டார்கள்? அவனுக்கு எஞ்சின் என்றால் உயிர். தெரு முனையில் இருந்த கராஜில் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கத்தான் அவன் ஆசைப்பட்டான்.

போனான். வடக்கில் போட்டார்கள். தமிழ் தெரிந்த பையன் என்று, முகாம் வாசலுக்குப் பிள்ளைகளைத் தேடி வருகிற தாய்மார்களிடம் பேசுகிற வேலை. அவர்கள் கேட்பதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டும், 'இங்கே இல்லை' என்று அதிகாரி சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். ஒரு லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. அடுப்படியில் உம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான், "உம்மா, அவங்க அழுற எனக்கு வெளங்குது. மத்தவனுகளுக்கு வெளங்காது, அவனுகள் தூங்குறானுகள். எனக்குத் தூங்க ஏலா." அதை நீங்களும் வாசலில் நின்று கேட்டீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். உங்கள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமையைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை வாப்பா. ஜும்மா முடிந்து வந்தீர்கள். உம்மா நெய்ச்சோறு ஆக்கியிருந்தா. வழக்கம்போல ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டத்தில், சோறு போட்டு, நீங்கள், பெரிய நாநா, றிஸ்வான் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கை வைத்தீர்கள். இறைச்சித் துண்டைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, "தின்னு மகன், மெலிஞ்சு போயீக்கிறாய்" என்றீர்கள். வாப்பா மனமிரங்கிவிட்டார் என்று நானும் உம்மாவும் கதவுக்குப் பின்னால் கையைப் பிடித்துக்கொண்டோம். நீங்கள் எழுந்து கை கழுவி, வாய் கொப்பளித்து, சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். ஆமி ஜீப் வந்தது. "பள்ளிக்குப் போற வழியிலயே நான் அறிவிச்சுட்டேன். சட்டம் சட்டம்தான்" என்று அவனுக்கு அல்ல, சுவருக்குச் சொன்னீர்கள்.

அறிவித்துவிட்டு வந்து எப்படி வாப்பா அவனோடு ஒரே சஹனில் கை வைத்தீர்கள்? எதிரிகூட ஒரு சஹனில் உண்டால் அன்றைக்குக் கை ஓங்கமாட்டான் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள்தானே? அவனுக்கு வயிறு நிறையவேண்டும் என்று நினைத்தீர்களா, இல்லை ஓடிவிடாமல் உட்கார வைத்தீர்களா? இதை உங்களிடம் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பீர்களா?

அவனைப் பிடித்துப்போய் உள்ளே வைத்தார்கள், பிறகு விலக்கி அனுப்பினார்கள். ஒரு பையோடு வாசலுக்கு வந்தான். நீங்கள் படியில் நின்று, "ஓடினவனுக்கு இந்த வாசல்ல எடமில்ல" என்றீர்கள். வாப்பா, ஆமியிலேயே ஓடினவர்களுக்கு அப்பப்போ பொதுமன்னிப்புக் கொடுத்தார்கள். வானொலியில் சொல்வார்கள், வந்து கையெழுத்துப் போட்டால் போகலாம் என்று. துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு இருந்த இரக்கம் உங்களுக்கு வரவில்லையே. அவன் புத்தளம் பக்கம் போய் ஒரு கராஜில் ஒட்டிக்கொண்டான். அங்கேயே கலியாணம், அங்கேயே இரண்டு பெண் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை உம்மா போனில் பார்த்ததுதான், அதுவும் நீங்கள் பள்ளிக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து.

ஒரு காலம் உம்மா தைரியம் எடுத்துக் கிளினிக் போகிறேன் என்று சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் போவா. றிஸ்வான் அங்கே வந்து நிற்பான். சனக்கூட்டத்துக்குள் ஒரு வாங்கில் உட்கார்ந்து மகனின் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருப்பா, அடுத்த பஸ் வரும்வரை. யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். நீங்கள் சத்தம் போடவில்லை. அடுத்த கிளினிக் நாளில் நீங்களே குடையை எடுத்துக்கொண்டு உம்மாவோடு கிளம்பினீர்கள். அதற்குப் பிறகு எல்லா நாளும் நீங்கள்தான். 'இந்த வயசிலும் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மனிதர்' என்று ஊர் உருகியது. உங்கள் மௌத்துச் செய்திக்குக் கீழேகூட ஒரு பெண் அதைத்தான் எழுதியிருக்கிறாள். அட அல்லாஹ்வே! கைதியைக் கூட்டிக்கொண்டு போகிற காவல்காரனைப் பார்த்து எல்லாரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள்.

சரி, உங்களுக்குத் தெரியாத கதைக்கு வருகிறேன். நீங்கள் கண்ணை மூடிய அன்று நடந்தது.

காலையில் உங்கள் மூச்சு நின்றது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்தை எடுப்பது என்று முடிவானது. நான் ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை, எல்லாருக்கும் முன்னால் றிஸ்வானுக்குப் போன் எடுத்தேன். பஸ் ஏறிவிட்டான், ஆனால் பொழுதுபட்டு மஃரிபு ஆகுமுன் வந்து சேர ஏலாது. உம்மா பெரிய நாநாவைக் கூப்பிட்டு, "தம்பி வந்த பொறகு எடுங்க மகன்" என்றா. நாநா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "உம்மா, வாப்பா வாய்விட்டுச் சொன்ன வஸிய்யத்து. அவன் என்ட மையத்தப் பாக்கவும்படா, இந்த வாசப்படி ஏறவும்படா எண்டு என்ட கையப் புடிச்சுச் சொன்னாரு. நான் என்ன செய்ற?" கடைசி ஆசையாக அதையா வாப்பா சொல்லிவிட்டுப் போனீர்கள்? வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லையா?

குளிப்பாட்டி, கஃபன் துணி போட்டு, தூக்கிப்போகிற சந்தூக்கில் வைத்தாயிற்று. தூக்குவதற்கு முன் வழக்கமாகச் செய்வதைச் செய்ய, பெரிய நாநாவும் பள்ளி லெப்பையும் உம்மா இருந்த அறைத் திரைக்கு வெளியே வந்து நின்றார்கள். மனைவியிடம் பொருத்தம் கேட்பதற்கு. இவர் உங்களுக்குச் செய்த பிழையெல்லாம் அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது, அவள் பொருந்திவிட்டேன் என்று சொல்வது, அந்த மன்னிப்போடு ஆளை அனுப்பி வைப்பது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கேட்ட வாய் மூடுவதற்குள் பெண்கள் அழுதுகொண்டே சொல்லிவிடுவார்கள்.

"உம்மா, வாப்பாவப் பொருந்திக்கோங்க" என்றார் நாநா. உம்மா பேசவில்லை. மீண்டும் கேட்டார். உம்மா வெள்ளை முக்காட்டுக்குள் நேராக உட்கார்ந்திருந்தா. அழவும் இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன், வாயை இறுக்கி மூடியிருந்ததைப் பார்த்தேன். வெளியில் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள், பள்ளியில் நேரமாகிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்று. லெப்பை மூன்றாம் தரமும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றார். பிறகு, "துக்கத்துல வாய் வருதில்ல பாவம். சரி, உம்மா பொருந்திட்டாங்க, தூக்குங்க" என்று அறிவித்துவிட்டார். கலிமாச் சத்தத்தோடு உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சத்தம் பாதையில் இறங்கித் தேய்ந்த பிறகு உம்மா என் பக்கம் திரும்பி, "நான் ஒண்டும் சொல்லல்லயே மகள்" என்றா.

அவ்வளவுதான் சொன்னா. அது எனக்கும் அவவுக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக இருந்தது. நீங்கள் கபுருக்குள் போனது உம்மாவின் பொருத்தம் இல்லாமல். உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்தவர்கள் கை கழுவித் தேநீர் குடித்துக்கொண்டு, சார்ஜன்ட் நாநா சுவர்க்கவாசி என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொய் சொல்லவில்லை வாப்பா, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மஃரிபுக்கு றிஸ்வான் வந்து சேர்ந்தான். முன்தலை நரைத்துவிட்டது அவனுக்கு. பெரிய நாநா வாசலில் குறுக்கே நின்றார். நின்ற விதம்கூட உங்களைப் போலவே இருந்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "தம்பி, என்னக் கொற நினைக்காத. வஸிய்யத்து" என்றார். றிஸ்வான் சண்டை பிடிக்கவில்லை. "உம்மாவ ஒருக்காப் பாத்துட்டுப் போறேனே நாநா" என்று மட்டும் கேட்டான். நாநா அழுதார், ஆனால் நகரவில்லை. அவன் மையவாடிக்குப் போய் உங்கள் கபுரடியில் நின்றுவிட்டுப் புத்தளம் பஸ் ஏறிவிட்டான்.

புருஷனை இழந்த பெண் இருக்கவேண்டிய இத்தா உம்மாவுக்குத் தொடங்கிவிட்டது. நாலு மாதமும் பத்து நாளும் அந்த வாசலைத் தாண்டி வெளியே இறங்கக்கூடாது. முன்பு உங்கள் காவலுக்குள்ளாவது கிளினிக்குக்குப் போகலாம் என்று இருந்தது. இப்போது மகன் உள்ளே வர ஏலாது, உம்மா வெளியே போக ஏலாது. நீங்கள் கணக்குப் பார்த்துச் செய்தீர்களோ, தற்செயலாக அமைந்ததோ தெரியாது. மண்ணுக்குள் இருந்துகொண்டே இரண்டு பேரையும் பிரித்து வைத்துவிட்டீர்கள். உம்மாவுக்குச் சர்க்கரை, இதயமும் பலவீனம். அந்த நாலு மாதத்துக்குள் அவவுக்கு ஒன்று ஆகிவிட்டால் மகன் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவா என்று நான் பயந்து செத்தேன்.

இதற்கு நடுவில் உங்கள் சிநேகிதர் குணே அங்கிள் வந்தார். வடக்கில் உங்களோடு ஒரே பங்கரில் இருந்தவர், இப்போது கைத்தடியோடு நடக்கிறார். ஹோலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். உங்களைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து ஒரு கதை சொன்னார். உங்கள் பிரிவில் ஒரு சின்னப் பையன், அம்மாவை நினைத்துக்கொண்டு முகாமை விட்டு ஓடிவிட்டானாம். நீங்கள் யாருக்கும் அறிவிக்காமல், உங்கள் சொந்த லீவில் அவனுடைய ஊருக்குப் போய், அந்தத் தாய் கையால் சாப்பிட்டு, அவனுக்கு நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து, அதிகாரி முன்னால் 'என் பொறுப்பு சேர், இவனை மன்னியுங்கள்' என்று நின்றீர்களாம். "அப்படி மனுஷன் உங்க அப்பா" என்று என் தலையைத் தடவினார் பாவம்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். யாரோ பெற்ற பிள்ளைக்காக நிற்கத் தெரிந்திருக்கிறது உங்களுக்கு. அப்படியென்றால் இரக்கம் என்பது தெரியாத மனிதர் இல்லை நீங்கள். இருந்ததை எங்களுக்குத் தராமல் வைத்துக்கொண்டீர்கள். முஸ்லிம் சார்ஜன்டின் மகன் ஓடிவிட்டான் என்று யாரும் பேசிவிடக்கூடாது, அதுதானே? உங்கள் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழாமல் இருக்க எங்கள் தம்பியை எடுத்துக் கொடுத்தீர்கள். இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் போல இருந்தது.

குணே அங்கிள் சொன்னது திரைக்குப் பின்னால் உம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "நாப்பது கத்தத்துக்கு அவன வரச் சொல்லு. ஊட்டுக்கு இல்ல, ரோட்டுல நிக்கட்டும்" என்றா. என்னத்துக்கு உம்மா என்று கேட்டேன். "நீ சொல்லு" என்றா. உங்களோடு வாழ்ந்து பழகி அவவும் கொஞ்சம் சார்ஜன்ட் ஆகிவிட்டா போலும்.

நாற்பதாம் நாள் ஹோல் நிரம்ப ஆட்கள். புது மௌலவி, பழைய லெப்பை, பக்கத்துக் கடைக்காரர்கள், பெரிய நாநாவின் சினேகிதர்கள். யாசீன் ஓதி முடிந்தது. மௌலவி உங்களுக்காக துஆ கேட்கக் கையை ஏந்தப் போனார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் சத்தம். "மௌலவி, துஆவுக்கு முன்னுக்கு எனக்கு ஒரு கேள்வி ஈக்கி."

இத்தாவில் இருக்கிற பெண் ஆண்கள் சபையில் வாய் திறக்கிறாள்! பெரிய நாநா எழுந்து, "உம்மா, பொறகு பேசுவோம்" என்று பல்லைக் கடித்தார். மௌலவி நல்ல பிள்ளை, கையை இறக்கிவிட்டு, "கேளுங்க உம்மா" என்றார்.

"ஒருத்தர் மத்தவங்கட பொருளுக்கு வஸிய்யத்து வைக்க ஏலுமா?"

"ஏலாது உம்மா. தனக்குச் சொந்தமானதுக்குத்தான். அதுவும் இரத்த உறவ முறிக்கிற விஷயத்துக்கு வஸிய்யத்தே கூடாது."

"அப்ப இந்த ஊடு ஆருட எண்டு என்ட மூத்த மகன்ட கேளுங்க."

வாப்பா, அந்த நிமிஷம் பெரிய நாநாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான், எல்லாரும் மறந்துபோனதுதான். அது உம்மாவின் தாய் தகப்பன் கலியாணத்துக்கு அவவுக்கு எழுதிக் கொடுத்த வீடு. நீங்கள் ஒரு தகரப் பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்து ஏறிய வாசல் அது. அத்தனை வருஷம் 'என்ட ஊடு, என்ட வாசல்' என்று நீங்கள் அதட்டிய அதட்டலில் அது உங்களுடையது என்று நாங்களே நம்பிவிட்டோம். ஊரும் நம்பிவிட்டது. உம்மா ஒருத்தி மட்டும் மறக்கவில்லை.

"உம்மாட ஊடு" என்றார் நாநா.

"இன்னொண்டு ஈக்கி" என்றா உம்மா. "அண்டைக்கு இந்தத் திரைக்கு அங்கால நிண்டு பொருத்தம் கேட்டீங்க. நான் வாயத் தொறக்கல்ல. உம்மா பொருந்திட்டாங்க எண்டு சொல்லித் தூக்கிட்டுப் போயிட்டீங்க. நான் என்ன நிக்காஹ்ல குந்தின கலியாணப் பொண்ணா லெப்பை, பேசாம இருந்தா சம்மதம் எண்டு எடுக்க?"

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு உடனே இருமினார். லெப்பை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "என்ட பிழதான் உம்மா" என்றார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உம்மா ஒரு தரத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்ப மர்ஹூம் இன்னும்..." என்று மௌலவி இழுத்தார்.

"நான் பொருந்தல்ல. என்ட மகன் ரோட்டுல நிக்கிறான். அவன் என்ட வாசப்படி ஏறி உள்ளுக்கு வந்த பொறகு என்னக் கேளுங்க. அதுவரைக்கும் துஆ கேக்குறவங்க கேளுங்க, நான் ஆமீன் சொல்ல மாட்டேன்."

எல்லாரும் பெரிய நாநாவைப் பார்த்தார்கள். அவர் உங்கள் பிள்ளை, உத்தரவு இல்லாமல் ஓரடி வைத்துப் பழகாதவர். அவருக்குள் என்ன ஓடியதோ. எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் படி இறங்கிப் போனார். ரோட்டில் நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்து, "வாடா" என்று ஒரு சத்தம் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரும்போது இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்தார்கள். றிஸ்வான் திரையை விலக்கிக்கொண்டு போய் உம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டான். உம்மா போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். நீங்கள் போன அன்றுகூட அவ அப்படி அழவில்லை.

கொஞ்சம் பொறுத்து மௌலவி மெதுவாகக் கேட்டார், "உம்மா, இப்ப?"

உம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா, "அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டேன். அவருக்காக இல்ல."

பிறகு துஆ கேட்டார்கள். ஆமீன் சொல்லும்போது உம்மாவின் சத்தமும் கேட்டது.

ஆகவே வாப்பா, உங்களுக்கு உம்மாவின் பொருத்தம் கிடைத்துவிட்டது. றிஸ்வானிடமும் கேட்டேன். "நான் அண்டைக்கே கபுரடியில சொல்லிட்டேன் ராத்தா. பாவம், அவருக்கும் நல்லாத் தூக்கம் வந்திருக்காது" என்கிறான் அந்த முட்டாள். அவனும் பொருந்திவிட்டான். பெரிய நாநாவுக்கு உங்கள் மேல் குறை என்று ஒன்று இருந்ததே இல்லை. எவ்வளவு சுலபமாக எல்லாரிடமும் வாங்கிவிட்டீர்கள்!

என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. மகளிடம் கேட்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று அந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்தவள் நான். குட்ஷெட்டில் உம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அதற்கெல்லாம் எனக்கு என்று ஒரு பொருத்தம் இருக்கிறதுதானே? கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட என் மனம் ஒப்பவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பேசாமல் இருப்பதை வைத்து நீங்களாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதி வைக்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு றிஸ்வான் மனைவி பிள்ளைகளோடு வருகிறான். உம்மா இப்போதே மெத்தையை வெயிலில் போடச் சொல்லி ஆளை விரட்டுகிறா. அந்தப் பிள்ளைகள் வாப்பும்மா வீட்டில் எந்தக் கதவையும் தட்டிக் காத்து நிற்க மாட்டார்கள், நான் உயிரோடு இருக்கும்வரை இது என் வாக்கு. உங்களைப் பற்றி அவர்கள் கேட்டால் ஆஸ்பத்திரி கேட்டில் மழையில் நின்றதையும் சொல்வேன், ஜீப் வந்ததையும் சொல்வேன், இரண்டில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன். என் ஆத்திரம் என்றைக்காவது ஆறினால் அன்றைக்கே வாய்விட்டு, பெயர் சொல்லி, உங்களைப் பொருந்திவிடுவேன். ஆறாவிட்டால் அங்கே வந்து நேரில் பேசிக்கொள்கிறேன். அதுவரை உங்களுக்காக துஆ கேட்பேன், பொருத்தம் மட்டும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
றிஸ்வானின் ராத்தா,
உம்மாவின் மகள்,
அதற்குப் பிறகு, உங்கள் மகள்,
பஸீலா